மாமா கேட்ட சிவப்புக் கல்

"இது வைரம் இல்லையேம்மா, சிவப்பால்ல இருக்கு?"

சிங்கப்பூர் ஈசூனில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசை. ரசப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, வழவழவென்று அச்சடித்த ஒரு கையேட்டை என் முன்னால் விரித்து வைத்தார். அட்டையில் பட்டை தீட்டிய வைரத்தின் படம். நாலாம் பக்கத்தில், வெள்ளைத் தட்டு ஒன்றில் சிவப்பும் ஊதாவுமாக ஒரு கைப்பிடி குருமணிகள். கீழே தடித்த எழுத்தில், 'ஜி10 கார்னெட் இருப்பது உறுதியாகிவிட்டது' என்று போட்டிருந்தார்கள்.

மாமா 34 வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கூட வேலை பார்த்த ஒருவர், ஹோட்டலில் நடந்த முதலீட்டுக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போயிருக்கிறார். ஆப்பிரிக்காவில் ஓரிடத்தில், வைரம் இருக்கக்கூடிய கிம்பர்லைட் பாறை கிடைத்திருக்கிறதாம். தோண்ட ஆரம்பிப்பதற்கு முன்பே பங்கு வாங்கினால் மலிவாம். மத்திய சேம நிதியிலிருந்து எடுத்து வங்கியில் வைத்திருந்த பணத்தில் 20,000 வெள்ளியை இதில் போடலாம் என்று மாமா நினைத்திருந்தார்.

"நீ பெர்த்ல இந்த வேலைதானே பார்த்தே? நல்லதா கெட்டதான்னு பார்த்துச் சொல்லும்மா."

ஆமாம், இதே வேலைதான் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நிலவியல் படித்து முடித்ததும் அங்கேயே ஒரு கனிம ஆய்வகத்தில் நாலு வருடம் இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை நுண்ணோக்கியில் குனிந்து, கறுப்பு மணலிலிருந்து சிவப்பு மணிகளைப் பொறுக்குவதுதான் என் வேலை. இப்போது சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதைகளுக்காகத் துளையிட்டு எடுக்கும் மண்ணையும் பாறையையும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்னெட் என்கிற அந்தச் சிவப்புக் கல்லைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு மாமா கேட்டதும் மூன்று மணி நேரம் பேசினேன். பேசியதில் பலவும், பேச விட்டுப்போன சிலவும் இங்கே இருக்கின்றன.

மாமாவின் கேள்வியிலேயே தொடங்குகிறேன். வைரம் தேடுகிறவர்கள் ஏன் சிவப்புக் கல்லைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்?

வைரத்தை நேராகத் தேடினால் கிடைக்காது என்பதுதான் காரணம். ஒரு டன் பாறைக்கு ஒரு காரட் வைரம் இருந்தாலே அது நல்ல சுரங்கம். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அப்படியென்றால் 50 லட்சத்தில் ஒரு பங்கு. மாமிக்குப் புரியட்டும் என்று அரிசிக் கணக்கில் சொன்னேன். தேக்காவில் வாங்குகிற 25 கிலோ பொன்னி மூட்டையை நாலு எடுத்துக் கொட்டினால், அத்தனையிலும் ஒரே ஒரு அரிசிதான் வைரம். அதுவும் பாறைக்குள்ளே இருக்கும் கணக்கு. அந்தப் பாறை உதிர்ந்து, மழையில் கரைந்து, ஆற்றில் நூறு கிலோமீட்டர் பரவிப் போன பிறகு அதே ஓர் அரிசியை எங்கே போய்ப் பார்ப்பது?

ஆனால் வைரம் தனியாக வருவதில்லை. கூடவே கார்னெட், இல்மனைட், குரோமைட், குரோம் டயோப்சைடு, ஆலிவின் என்று ஒரு கூட்டம் வருகிறது. இவை வைரத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். ஆற்று மணலில் கிடந்தாலும் கண்ணுக்குப் படும். இவற்றைத்தான் சுட்டுக் கனிமங்கள் என்கிறோம்.

இவை எப்படி வைரத்தோடு சேர்ந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறான புரிதலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வைரம் கிம்பர்லைட்டில் உண்டாவதில்லை. பூமிக்குள் ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கும் கீழே, பழைய கண்டங்களின் தடித்த அடிவேரில், அது எப்போதோ உண்டாகி இருந்துகொண்டிருக்கிறது. பல வைரங்களின் வயது 100 கோடி, 300 கோடி ஆண்டு. கிம்பர்லைட் என்பது அதற்கும் கீழிருந்து கிளம்பி, வழியில் அகப்பட்ட பாறைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு, சில மணி நேரத்திலோ சில நாளிலோ மேலே சீறி வந்துவிடுகிற எரிமலைக் குழம்பு. மெதுவாக வந்தால் வழியிலேயே வைரம் கரைந்தோ கிராஃபைட்டாக மாறியோ போய்விடும். மேலே வந்து இறுகும்போது கேரட் வடிவத்தில் ஒரு குழாய் போல நிற்கும். 1871இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறு குன்றில் வைரம் கிடைத்து, அது தோண்டத் தோண்டப் பெரும் பள்ளமாகி, அங்கே எழுந்த ஊருக்குக் கிம்பர்லி என்று பெயர் வைத்தார்கள். பாறையின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது.

ஆக, கிம்பர்லைட் ஒரு வண்டி. வண்டியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதால் அதற்குள் சரக்கு இருக்கிறது என்று ஆகிவிடாது. உலகத்தில் ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகள் தெரியவந்துள்ளன. சுரங்கமாகிற தகுதி உள்ளவை நூற்றில் ஒன்றிரண்டு. "கன்டெய்னர் வந்திருக்குன்னு சொல்றாங்க, உள்ளே என்ன இருக்குன்னு சொல்லலை, அப்படித்தானே?" என்றார் மாமா. அப்படியேதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை, அதே ஆழத்தில் வைரத்தோடு இருந்து அதே வண்டியில் ஏறி வந்த கார்னெட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது இதுதான். அரை மில்லிமீட்டர் மணி ஒன்று, தான் இருந்த இடத்தின் ஆழத்தையும் வெப்பத்தையும் வேதியியலையும் தன் உடம்பில் எழுதி எடுத்து வருகிறது.

ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஆற்றில் கல்லுக்குப் பின்னால், வளைவின் உட்பக்கத்தில், கனமான மணல் எங்கே தங்குமோ அங்கே 20, 30 கிலோ அள்ளி மூட்டை கட்டி அனுப்புவார்கள். அதைச் சலித்து, கழுவி, அடர்த்தி மிகுந்த திரவத்தில் போடுவோம். குவார்ட்ஸ் மணல் மிதக்கும், கார்னெட்டும் இல்மனைட்டும் அடியில் போகும். பாட்டி அரிசியைக் களைந்து, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து அரிக்கும்போது கல் அடியில் நிற்குமே, அதே வேலைதான். பிறகு காந்தம். கடைசியில் 30 கிலோவில் மிஞ்சுவது ஒரு தேக்கரண்டி கறுப்பு மணல்.

அந்தத் தேக்கரண்டியைத் தட்டில் வரிவரியாகப் பரப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, மெல்லிய தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி ஒவ்வொரு மணியாகத் தொட்டு எடுக்க வேண்டும். முதல் மாதம் எனக்கு எல்லாமே ஒன்று போலத்தான் தெரிந்தது. பிறகு நிறம் பிரிய ஆரம்பித்தது. குரோம் டயோப்சைடு மரகதம் மாதிரி பளிச்சென்று பச்சை. பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் அது சீக்கிரம் சிதைகிற கனிமம், இருந்தால் மூலப்பாறை பக்கத்தில் என்று அர்த்தம். ஆரஞ்சு கார்னெட் எக்லோகைட் என்ற பாறையிலிருந்து வந்திருக்கலாம். ஒயின் சிவப்பு ஒரு வகை. அப்புறம் ஊதா. வெளிர் ஊதாவில் ஒரு மணி தட்டில் வந்தால் கை தானாக நின்றுவிடும்.

நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, தோலையும் பார்க்க வேண்டும். ஆழத்திலிருந்து மேலே வரும்போது கார்னெட்டைச் சுற்றி மங்கலான கருஞ்சாம்பல் ஓடு ஒன்று உண்டாகும். கெலிஃபைட் என்று பெயர். புளியங்கொட்டைத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஆற்றில் கொஞ்ச தூரம் உருண்டாலே உதிர்ந்துவிடும். அதற்கு அடியில் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியான மேற்பரப்பு, இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். அதுவும் தேய்ந்து வழவழப்பாக உருண்டிருந்தால் வெகு தூரத்துப் பயணி. ஓடு ஒட்டிய ஒரு மணி தட்டில் கிடைத்தால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். மூலப்பாறை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடும்.

இந்தத் தடம் பிடிக்கும் வேலையை நினைத்தாலே எனக்குச் சோவியத் நிலவியலாளர் லாரிசா பொப்புகயேவாதான் ஞாபகம் வருவார். சோவியத் யூனியன் சைபீரியாவில் வருடக்கணக்காக வைரம் தேடிக்கொண்டிருந்தது. ஆறுகளில் ஒன்றிரண்டு கிடைத்தன, மூலம் கிடைக்கவில்லை. லெனின்கிராட்டைச் சேர்ந்த நடாலியா சர்சாட்ஸ்கிக் என்ற பெண் நிலவியலாளர், வைரத்தை விட்டுவிட்டு அதோடு வரும் சிவப்புப் பைரோப் கார்னெட்டைப் பின்தொடர்வோம் என்ற வழியை உருவாக்கினார். 1953இல் அவரும் பொப்புகயேவாவும் சைபீரியாவின் யாகுட்டியாவில் வேலை செய்தார்கள். அடுத்த வருடம் சர்சாட்ஸ்கிக்கால் போக முடியவில்லை. பொப்புகயேவா ஓர் உதவியாளருடன் போனார். ஓடையில் மணல் அரித்துப் பைரோப் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே மேலே மேலே நடந்தார். ஓடையை விட்டு மேட்டில் ஏறிய பிறகு, பாசியைப் பெயர்த்துப் பெயர்த்துத் தரையோடு தரையாகத் தேடினார். 1954 ஆகஸ்ட் 21ஆம் தேதி, பாசிக்கு அடியில் சிவப்புப் புள்ளிகள் நிறைந்த நீலச் சாம்பல் பாறை. அந்நாட்டின் முதல் கிம்பர்லைட் குழாய். அதற்கு 'சார்னிட்சா' என்று பெயர் வைத்தார். தொலைவில் இடியோசை இல்லாமல் வெட்டுகிற மின்னலுக்கு ரஷ்ய மொழியில் அதுதான் பெயர். அடுத்த வருடமே அதே வழியில் மீர் குழாய் கிடைத்தது. மீர் பெரும் சுரங்கமானது. இருவருக்கும் உரிய பெருமை போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின. பொறுக்கும் மேசையில் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் நான் அவர்களுடைய வழியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மாமாவுக்குப் பிடித்தது கறையான் கதை. போட்ஸ்வானாவில் கலஹாரி மணல் பாறையை ஆழமாக மூடிக் கிடக்கிறது. மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. ஆனால் கறையான் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய், புற்று கட்ட அங்கிருந்து மண்ணை மேலே கொண்டு வருகிறது. அதோடு இல்மனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து வந்துவிடும். புற்று மண்ணையும் மேல் மணலையும் சலித்துப் பார்த்துத்தான் 1970களின் தொடக்கத்தில் ஜ்வானெங் குழாயைக் கண்டுபிடித்தார்கள். மதிப்பில் உலகின் மிகப் பெரிய வைரச் சுரங்கங்களில் ஒன்று அது. "புத்துல பாம்பு இருக்கும்னு பால் ஊத்துவாங்க, இவங்க வைரமே எடுத்திருக்காங்க!" என்றார் மாமி.

கனடாவில் கறையானுக்குப் பதில் பனிப்பாறை. அது மேற்கே தள்ளிச் சிதறவிட்ட மணிகளைச் சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் பிளஸ்ஸனும் வருடக்கணக்கில் கிழக்கு நோக்கித் திருப்பித் தடம் பிடித்துப் போனார்கள். 1991இல் ஓர் ஏரிக்கு அடியில் துளையிட்டு எடுத்த 59 கிலோ பாறையில் 81 சின்ன வைரங்கள் இருந்தன. 1998இல் அந்த வட்டாரத்தில் ஏகாட்டி சுரங்கம் திறந்தது. முதலில் கிடைத்த அந்த ஏரிக் குழாய் மட்டும் அப்போது சுரங்கமாகவில்லை. சார்னிட்சாவும் மீர் அளவுக்கு வளமானதாக இருக்கவில்லை. தடம் சரியாகவே போய்ச் சேரும், சேர்ந்த இடம் காலியாகவும் இருக்கும். இதை நான் மாமாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

சரி, ஜி10 என்றால் என்ன? கையேட்டில் அந்த எழுத்தும் எண்ணும் ஒரு முத்திரை மாதிரி நாலு இடத்தில் இருந்தது.

மாமா நடுவில் நிறுத்தி, "நம்ம ஊர்க் கடற்கரையிலயே இந்த மாதிரி சிவப்பு மணல் கிடக்குமேம்மா, அதுவும் கார்னெட்டுன்னுதானே சொல்வாங்க?" என்றார். அவருடைய அப்பா திருநெல்வேலிக் கடலோரத்திலிருந்து வந்தவர். நல்ல கேள்வி. அதுவும் கார்னெட்தான். ஆனால் அதில் பெரும்பகுதி இரும்பு மிகுந்த ஆல்மண்டைன் வகை. பூமியின் மேலோட்டுப் பாறைகளில் உண்டானது, வைரம் இருக்கும் ஆழத்தை அது பார்த்ததே இல்லை. மாமியின் நவரத்தின மோதிரத்தில் வைரத்துக்குப் பக்கத்திலேயே கோமேதகம் இருக்கிறது. அதுவும் கார்னெட் குடும்பம்தான். கால்சியம் மிகுந்த வகை, அதற்கும் வைரத்தின் ஆழத்துக்கும் தொடர்பில்லை. கார்னெட் என்பது ஒரு குடும்பப் பெயர். எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் சம்பந்தம் பேசக் கூடாது.

விசாரிக்கிற முறை இது. பொறுக்கிய மணிகளைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற கருவிக்குள் வைப்பார்கள். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரை அளந்து, எத்தனை சதவீதம் குரோமியம், எத்தனை கால்சியம், எத்தனை மாங்கனீசு என்று அது சொல்லிவிடும். 1975இல் டாசன், ஸ்டீபன்ஸ் என்ற இருவர் இப்படிக் கிடைத்த கார்னெட் எண்களைப் புள்ளியியல் முறையில் 12 குழுக்களாகப் பிரித்தார்கள். பத்தாவது குழு ஜி10. பெயரில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அந்தப் பத்தாவது குழுவில் குரோமியம் அதிகம், கால்சியம் குறைவு. வைரத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும் கார்னெட் துணுக்குகளைப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை இதே ரகமாக இருந்தன. சைபீரிய வைரங்களை ஆராய்ந்த நிகொலாய் சோபொலெவ் இதை முன்பே கவனித்திருந்தார். கேப் டவுனின் ஜான் கர்னி, கால்சியத்தைக் கிடையாகவும் குரோமியத்தைச் செங்குத்தாகவும் வைத்த வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். அப்படிச் சிக்கிய குரோமியக் கார்னெட்டுகளில் 85 சதவீதம் கோட்டுக்கு இடப்பக்கம் விழும்படியான கோடு. இன்றைக்கும் அதை 85 சதவீதக் கோடு என்றுதான் சொல்கிறார்கள்.

காரணமும் அழகானது. ஆதிகாலத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மூடகப் பாறை ஒன்று பெருமளவு உருகி, கால்சியம் தரும் பொருள்கள் உருகலோடு போய்விட்டால், மிஞ்சும் சக்கைக்கு ஹார்ஸ்பர்கைட் என்று பெயர். கால்சியம் இல்லாத பாறையில் வளரும் கார்னெட்டுக்கும் கால்சியம் கிடைக்காது. இந்தச் சக்கை, பழமையான கண்டங்களின் தடித்த, குளிர்ந்த அடிவேரில்தான் பத்திரமாக இருக்கிறது. வைரத்துக்குத் தோதான இடமும் அதுதான். 1966இல் கிளிஃபோர்ட் என்ற நிலவியலாளர், வைரமுள்ள கிம்பர்லைட்டுகள் இந்தப் பழைய கண்டக் கருக்களின் மேல்தான் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டியதற்கும் இதுவே அடிப்படை. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இடம் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூர். ஊரின் பெயரிலேயே வைரம் இருக்கிறது, கிம்பர்லைட் குழாய்களும் இருக்கின்றன. அனந்தப்பூர், கர்னூல் பக்கத்து நிலங்களில் முதல் மழை பெய்ததும் வைரம் தேடிக் குடும்பம் குடும்பமாக இன்றும் இறங்குகிறார்கள்.

சிங்கப்பூருக்கு இந்த வாய்ப்பே இல்லை. புக்கிட் தீமா கிரானைட்டில் நான் வாரக்கணக்காகத் துளைமாதிரி பார்த்திருக்கிறேன். அழகான பாறை, ஆனால் டிரையாசிக் காலத்தது, 20 கோடி ஆண்டு சொச்சம். கண்டக் கருக்களின் வயது 250 கோடிக்கும் மேல். நமக்குப் பக்கத்தில் வைரம் கிடைக்கிற இடம் என்றால் போர்னியோவில் மார்த்தாபுரா. அங்கே நூற்றாண்டுகளாகச் சரளை மண்ணை அரித்து வைரம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வைரத்தைக் கொண்டு வந்த பாறை எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இந்தத் தொழிலில் என் மனதை அரிக்கிற கேள்வி அது. கிளம்பிப் போய் ஒரு வருடம் அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றிய நாட்கள் உண்டு.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். கடைசி இரண்டு பக்கத்தில், பொடி எழுத்தில், மைக்ரோபுரோப் எண்களின் பட்டியலைப் போட்டிருந்தார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன், பலர் அதைக்கூடப் போடுவதில்லை. மாமாவின் பேத்தியிடம் கணக்கு நோட்டில் ஒரு கட்டம் போட்ட தாள் வாங்கினேன். பென்சிலால் கர்னியின் கோட்டைப் போட்டேன். 41 கார்னெட். ஒவ்வொன்றாக மாமா எண்ணை வாசிக்க வாசிக்க நான் புள்ளி வைத்தேன்.

39 புள்ளிகள் கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தன. அவை கால்சியம் கூடுதலான ஜி9 குழு, இன்னும் சில வேறு குழு. இரண்டே இரண்டு இடப்பக்கம். அதுவும் கோட்டை உரசிக்கொண்டு. குரோமியம் ஆக்சைடு 3 சதவீதம், கால்சியம் ஆக்சைடு 3.9. பெயரளவில் ஜி10தான், பொய் இல்லை. ஆனால் 2004இல் ஹெர்மன் குருட்டரும் கர்னியும் மற்றவர்களும் இந்த வகைப்பாட்டைத் திருத்தியபோது, ஜி10 எல்லாம் வைரத்தின் ஆழத்திலிருந்து வந்தவை இல்லை என்பதற்காகவே, அந்த ஆழத்திலிருந்து வந்தவற்றை மட்டும் ஜி10டி என்று தனியாகப் பிரித்தார்கள். அழுத்தம் கூடக்கூடக் கார்னெட்டுக்குள் குரோமியம் அதிகம் போகும். கால்சியம் 3.9 இருக்கிற மணி வைரத்தின் அழுத்தத்தைப் பார்த்திருக்கிறது என்று சொல்ல, குரோமியம் 8க்கு மேல் இருக்க வேண்டும். மாங்கனீசு மிகக் குறைவாக இருந்தால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு மணியிலும் அதுவும் இல்லை. அதாவது, இவை கிராஃபைட் இருக்கிற ஆழத்திலிருந்து வந்தவையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கரி கரியாகத்தான் இருக்கும்.

நாலாம் பக்கத்துப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். மாமியின் பூதக்கண்ணாடியில் பார்த்தவரைக்கும் ஒரு மணியிலும் ஓடு இல்லை, எல்லாம் கூழாங்கல் மாதிரி உருண்டிருந்தன. பட்டியலின் தலைப்பில் 'ஆற்றுச் சரளை' என்று இருந்தது. குழாயிலிருந்து எடுத்த மாதிரி என்று எங்கேயும் இல்லை. தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பாறைக்கும் இந்த மணிகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கே அந்தக் கையேட்டில் ஆதாரம் இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வைரமே இருக்காதா?" என்றார்.

அப்படிச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை என்றேன். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கார்னெட் தடம் பெரிதாக இல்லவே இல்லை. பாறையே கிம்பர்லைட் கிடையாது, லாம்ப்ரோயிட் என்ற வேறொரு எரிமலைப் பாறை. பழைய கண்டக் கருவின் நடுவிலும் இல்லை, ஓரத்து மண்டலத்தில் இருக்கிறது. ஓடை மணலில் வைரமே கிடைத்து, அதைப் பின்தொடர்ந்துதான் 1979இல் குழாயைக் கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்தில் எண்ணிக்கையில் உலகிலேயே அதிக வைரம் கொடுத்த சுரங்கம் அது. 2020இல் மூடினார்கள். அதன் வைரங்களில் பெரும்பாலானவை எக்லோகைட் பாறையைச் சேர்ந்தவை. ஜி10ஐ மட்டுமே நம்பியவர் ஆர்கைலைத் தாண்டிப் போயிருப்பார். எக்லோகைட் வகைக்கு வேறு சாட்சி, ஆரஞ்சுக் கார்னெட்டில் சோடியம். சோடியம் ஆக்சைடு 0.07 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையேட்டில் சோடியம் அளந்த கட்டமே இல்லை.

ஜி10 நிறைய இருந்தாலும் கதை முடியவில்லை. கார்னெட்டில் இருக்கும் நிக்கலின் அளவை வைத்து அது இருந்த வெப்பத்தைக் கணக்கிடலாம், வெப்பத்திலிருந்து ஆழத்தை. 1989இல் கிரிஃபினும் ரையனும் கொடுத்த வழி அது. எத்தனை மணிகள் வைரம் நிலைக்கும் ஆழ எல்லைக்குள் இருந்து வந்தன என்று அப்போதுதான் தெரியும். அதற்கும் மேல் இல்மனைட். அதில் மெக்னீசியம் அதிகமாகவும், அதிக ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு குறைவாகவும் இருந்தால் நல்லது. ஆக்சிஜனேற்றம் மிகுந்த குழம்பு வைரத்தை வழியிலேயே தின்றுவிடும். கீழே வைரம் நிறைய ஏறியிருக்கும், மேலே இறங்கும்போது பாதி காணாமல் போயிருக்கும். கார்னெட் ஏறியதைச் சொல்கிறது, இல்மனைட் தப்பித்ததைச் சொல்கிறது. இரண்டையும் கேட்க வேண்டும்.

இத்தனையும் கேட்ட பிறகும் ஒரு டன்னுக்கு எத்தனை காரட் என்பதை எந்தச் சுட்டுக் கனிமமும் சொல்லாது. அதற்குப் பாறையையே வெட்டி, முதலில் சில நூறு கிலோவை அமிலத்தில் அல்லது காரத்தில் கரைத்து நுண்வைரம் எண்ணி, பிறகு ஆயிரக்கணக்கான டன் அரைத்துப் பார்க்க வேண்டும். செலவு பிடிக்கிற வேலை. சுட்டுக் கனிமங்களின் உண்மையான பயனே, எந்தப் பாறைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். என் நாலு வருட வேலையில் நான் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை 'வேண்டாம்' என்றே முடிந்தன. அவை தோல்வி என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. யாரோ பனியிலும் பாலைவனத்திலும் கொண்டுபோய்க் கொட்டவிருந்த பணத்தையும் ஆண்டுகளையும் அந்த ஒற்றைச் சொல் மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் கையேட்டில் 'வேண்டாம்' என்று யாரும் அச்சடிப்பதில்லை. ஜி10 என்ற எழுத்து மட்டும் அட்டையேறிவிடுகிறது. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். இரண்டு மணியின் பெயரைச் சொல்லி ஒருவரின் 34 வருட உழைப்பைக் கேட்கிறார்கள்.

என் கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி எப்போதும் இருக்கும். ஆய்வகத்தை விட்டு வரும்போது, புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மணிகளில் கொஞ்சத்தை என் மேற்பார்வையாளர் அதில் போட்டுக் கொடுத்தார். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, மாமாவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். மேசை விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு, கிரேன் கைப்பிடியைப் பிடிக்கிற அதே நிதானத்தோடு, பல்குத்தும் குச்சி நுனியால் மணிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

"இது வேறயா இருக்கேம்மா. கத்தரிப்பூ நிறம்."

அதுதான் என்றேன். குரோமியம் 9க்கு மேல், கால்சியம் 3க்குக் கீழ். கோட்டுக்கு வெகு தூரம் இடப்பக்கம்.

மறுவாரம் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் கூட்டத்துக்கு மறுபடி போயிருக்கிறார். கட்டம் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மணி குழாயிலிருந்து எடுத்ததா ஆற்றிலிருந்து எடுத்ததா, இல்மனைட் எண் எங்கே, சோடியம் ஏன் அளக்கவில்லை என்று மூன்று கேள்வியையும் வரிசையாகக் கேட்டிருக்கிறார். தொழில்நுட்ப ஆள் அன்று வரவில்லை, மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றார்களாம். கூட வந்த நண்பர் தாளை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டாராம்.

"பணம் இன்னும் பேங்க்லதான் இருக்கு. பதில் வரட்டும்" என்றார். பிறகு, "அந்தக் குப்பியை ஒரு வாரம் நானே வச்சுக்கட்டுமா? பேத்திக்குக் காட்டணும்" என்றார்.